இரண்டு பவுன் தங்கம் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் உலகின் அரிய கார்கள் என்று ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் நன்றாக இருந்தன. நான்காவதாக மெக்லாரன் எஃப்1. அதற்குக் கீழே நீங்கள் எழுதியது இவ்வளவுதான்: என்ஜினைத் தங்கத்தால் இழைத்த ஆடம்பரக் கார், ஏலத்தில் 2 கோடி டாலருக்கு விலைபோனது. படித்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அப்படியே ஆறிப்போய்விட்டது. முப்பது வருடமாக மனதில் வைத்திருக்கும் ஒரு காரை நகைக்கடை விளம்பரம் மாதிரி ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும். வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் தங்கம் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் பொறியியல் படித்தவன் இல்லை. கோவை கணபதியில் பம்ப் செட்டுக்கு ஷாஃப்டும், ஷாஃப்டுகளை இணைக்கும் கப்ளிங்கும் கடைந்துகொடுக்கும் பட்டறைகளில் 33 வருடம் டர்னராக, அதாவது லேத் ஓட்டுபவனாக, இருந்தேன். மெக்லாரன் எஃப்1 காரை நேரில் பார்த்ததில்லை, இனிப் பார்ப்பேன் என்றும் தோன்றவில்லை. எனக்கும் அதற்கும் உள்ள உறவு உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஐந்து ரூபாய்க்கு வாங்கிய ஓர் ஆங்கிலக் கார் பத்திரிகையோடு தொடங்கியது. அட்டை கிழிந்திருந்தது. உள்ளே இரண்டு பக்க அளவில் ஒரு படம்: பின்பக்க மூடியைத் திறந்து வைத்திருக்கிறார்கள், உள்ளே கறுப்பாக ஒரு பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின், சுற்றிலும் தகதகவென்று தங்கம். எனக்கும் முதலில் உங்களைப் போலத்தான் தோன்றியது, பணக்காரன் கொழுப்பு என்று. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்த பிறகுதான் புரிந்தது.

அந்தக் காரில் இருப்பது காகிதத்தைவிட மெல்லிய தங்கத் தாள். மொத்தம் சுமார் 16 கிராம். நம் கணக்கில் இரண்டு பவுன். ஒரு சாதாரணக் கல்யாணத்தில் பெண்ணின் கழுத்தில் இதைவிட அதிகம் இருக்கும். அதை ஒட்டியிருப்பதும் என்ஜினில் இல்லை, என்ஜின் உட்கார்ந்திருக்கும் அறையின் சுவர்களிலும் மூடியின் அடிப்புறத்திலும். காரணம் வெப்பம். இந்தக் காரின் கூடும் மேல் உடலும் கார்பன் இழையால் ஆனவை. கார்பன் இழைத் துணியை அடுக்கடுக்காக ரெசின் என்ற பிசினோடு சேர்த்து, ஆட்டோகிளேவ் என்ற பெரிய அடுப்பில் அழுத்தமும் சூடும் கொடுத்து வேகவைத்து எடுப்பார்கள். எஃகைவிட மிக லேசு, முறுக்கினாலும் வளையாது. ஆனால் இழைகளைக் கட்டிப்பிடித்திருக்கும் ரெசினுக்குச் சூடு ஆகாது. பக்கத்திலேயே 6 லிட்டர் என்ஜினும் அதன் புகைக்குழாய்களும் கொதித்துக்கொண்டிருக்கின்றன. அகச்சிவப்புக் கதிரை ஏறக்குறைய முழுவதும் திருப்பி அனுப்பும், வருடக்கணக்கில் கறுக்காது, துருப்பிடிக்காது, மெல்லிய தாளாக அடிக்கலாம் என்றால் அது தங்கம்தான். விண்வெளி வீரர்களின் தலைக்கவசக் கண்ணாடியில் தங்கம் பூசுவதும் இதற்காகத்தான். வேறு ஏதாவது போர்த்தி அதே வேலையை வாங்கலாம். எடை கூடும். இந்தக் காரைப் பொறுத்தவரை அந்த ஒரு சொல் போதும், மறுத்துவிடுவார்கள்.

எடைதான் இந்தக் காரின் முழுக் கதை. உங்கள் கட்டுரையில் ஒன்பது கார்கள். ஒன்பதுக்கும் விலை இருக்கிறது, குதிரைத்திறன் இருக்கிறது, வேகம் இருக்கிறது. ஒன்றுக்குக்கூட எடை இல்லை.

மெக்லாரன் எஃப்1 எடை 1,138 கிலோ. நம் பழைய அம்பாசடரும் ஏறக்குறைய இந்த எடைதான். அம்பாசடர் எடையில் 627 குதிரைத்திறன். இதை வடிவமைத்த கார்டன் மரே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவர், பிரபாம் அணிக்கும் பிறகு மெக்லாரன் அணிக்கும் ஃபார்முலா ஒன் பந்தயக் கார்கள் வரைந்தவர். அவர் முதலில் நினைத்தது 1,000 கிலோ. 138 கிலோ கூடிப்போயிற்று.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கப்ளிங் கடையச் சொன்னார்கள். உடைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் சுவர் கனத்தை வரைபடத்தில் இருந்ததைவிடக் கூட்டி விட்டுவிட்டேன். மேஸ்திரி அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "ஏன்டா தம்பி, கிரைண்டர் கல்லா கடையறே?" என்றார். கூடுதல் கனத்தைச் சுற்ற மோட்டார் கூடுதலாக உழைக்க வேண்டும், பேரிங் தேயும், பேரிங்கைப் பெரிதாக்கினால் அதன் வீட்டைப் பெரிதாக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். மரேயைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த மேஸ்திரி ஞாபகம்தான் வந்தது. கார் கனத்தால் டயர் அகலமாக வேண்டும், பிரேக் பெரிதாக வேண்டும், அதைத் தாங்க சஸ்பென்ஷன் தடிக்க வேண்டும், அத்தனையையும் இழுக்க என்ஜின் பெரிதாக வேண்டும். எந்த இடத்திலும் அது நிற்காது.

இந்தக் கார் பிறந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988இல் மெக்லாரன் அணி 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. தோற்ற ஒரே பந்தயம் இத்தாலியில் மோன்சா. அங்கிருந்து ஊர் திரும்ப மிலன் லினாட்டே விமான நிலையத்துக்கு வந்தால் விமானம் தாமதம். மெக்லாரனை நடத்திய ரான் டெனிஸ், மன்சூர் ஒஜ்ஜே, கிரைட்டன் பிரவுன், அவர்களோடு மரே, நால்வரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சில் முடிவானதுதான், சாலையில் ஓட ஒரு கார் செய்வது என்பது. விமானம் நேரத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

என்ஜினுக்கு ஹோண்டாவிடம் கேட்டார்கள், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு பிஎம்டபிள்யூவில் பால் ரோஷே. பிரபாம் காலத்திலிருந்தே மரேக்குப் பழக்கமானவர், 1983இல் நெல்சன் பிக்கே உலகச் சாம்பியன் ஆன காரின் டர்போ என்ஜின் (புகையின் வேகத்தில் சுற்றும் காற்றாடியால் கூடுதல் காற்றைத் திணிக்கும் என்ஜின்) இவர் கைவேலை. மரே கேட்டது 550 குதிரைத்திறன், 250 கிலோவுக்குள், டர்போ கூடாது. ரோஷே கொடுத்தது 6,064 சிசி, 627 குதிரைத்திறன், 266 கிலோ. சக்தி கேட்டதற்கு மேல், எடையும் 16 கிலோ மேல். அங்கே 16 கிராம் தங்கம், இங்கே 16 கிலோ அலுமினியம், என்ன பொருத்தமோ.

டர்போ கூடாது என்று மரே பிடிவாதம் பிடித்தது ஆக்சிலேட்டர் மிதியும் என்ஜினும் ஒன்றாகவே அசைய வேண்டும் என்பதற்காக. டர்போ என்றால் மிதித்த பிறகு காற்றாடி சுற்றி அழுத்தம் ஏற ஒரு நொடியாவது பொறுக்க வேண்டும். என்ஜினோடு சுற்றும் கனச்சக்கரமான ஃப்ளைவீலையும் முடிந்தவரை லேசாக்கிவிட்டார்கள். லேத் ஓட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். கடையும் துண்டைப் பிடிக்கும் 'சக்' பெரிதாக ஒன்றை மாட்டிவிட்டு மோட்டாரை நிறுத்திப் பாருங்கள், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். சின்ன சக் சட்டென்று நிற்கும். இந்த என்ஜின் சின்ன சக் மாதிரி. காலை எடுத்தால் சுற்று விழும், வைத்தால் ஏறும்.

அப்புறம் விட்டுவிட்டவை. பவர் ஸ்டியரிங் இல்லை. பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை. பிரேக்குக்குத் துணை செய்யும் சர்வோகூட இல்லை. வழுக்கினால் தடுக்கும் எலெக்ட்ரானிக் வேலை எதுவும் இல்லை. இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை, 300 கி.மீ. வேகத்தில் மழை பெய்தால் ஏபிஎஸ் இருக்கட்டுமே என்றுதான் தோன்றும். ஆனால் ஏசி இருக்கிறது. சாமான் வைக்க இடம் இருக்கிறது, பின்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு பக்கமும், அந்த அளவுக்கே தைத்த பெட்டிகளோடு. பாட்டுக் கேட்க கென்வுட் நிறுவனத்திடம் சொல்லி லேசாகச் செய்து வாங்கிய சிடி கருவி இருக்கிறது, ரேடியோ இல்லை. மரே ரேடியோ கேட்க மாட்டாராம்! தான் கேட்பதில்லை என்பதற்காக, வாங்குகிறவனுக்கும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

என்னைக் கவிழ்த்தது கருவிப் பெட்டி. காரோடு வரும் ஸ்பேனர்கள் டைட்டானியம். பிரான்சின் ஃபாகோம் செய்தது. டைட்டானியம் எஃகின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். வருடத்தில் ஒரு நாள் எடுக்கும் ஸ்பேனரில் போய் கிராம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்! என் பெட்டியில் இருக்கும் ஸ்பேனர்களை மொத்தமாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

இப்படியெல்லாம் செய்தவர்கள் பின்விளக்கை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? போவா என்ற டச்சு பஸ்ஸிலிருந்து. உருண்டையான, கடையில் கிடைக்கும் பஸ் விளக்கு. கரூரில் பஸ் பாடி கட்டும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் தன் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தானும் மெக்லாரனும் ஒரே தொழில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஓட்டுநர் நடுவில் உட்காருவார். பயணிகள் இருவர், இரண்டு பக்கமும் கொஞ்சம் பின்னால் தள்ளி. உங்கள் கட்டுரை இதை 'விநோதம்' என்றது. விநோதம் இல்லை ஐயா. தாழ்வான காரில் ஓட்டுநரை ஒரு ஓரத்தில் உட்கார வைத்தால் முன்சக்கரத்தின் வளைவு காலுக்கு நேரே வந்து நிற்கும், மிதிகளை ஒருபக்கமாகத் தள்ளித்தான் வைக்க முடியும், உடம்பு கோணலாகும். நடுவில் என்றால் கால் நேரே நீட்டலாம், இரண்டு பக்கமும் ஒரே அளவு தெரியும், தனியாகப் போகும்போதும் எடை ஒருபக்கம் சாயாது. ஏறி உட்காருவதுதான் பெரும்பாடு. மேல்நோக்கித் திறக்கும் கதவு வழியாகப் பயணி சீட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும். வேட்டி கட்டியவனுக்கு ஆகாது. அந்தக் கதவுக்கான யோசனை டொயோட்டா செரா என்ற சின்னக் காரைப் பார்த்து வந்தது. மேல் உடலை வரைந்தவர் பீட்டர் ஸ்டீவன்ஸ்.

அந்த உடலைப் பாருங்கள், பின்னால் பெரிய இறக்கை எதுவும் கிடையாது. காரை ரோட்டோடு அழுத்திப்பிடிக்கும் வேலை அடியில் நடக்கிறது. அடித்தளத்தின் வடிவமும், ஒட்டிக்கொள்ளும் சோம்பேறிக் காற்றை உறிஞ்சி எடுக்கும் இரண்டு சின்ன மின்விசிறிகளும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. மரேக்கு விசிறி புதிதில்லை. 1978இல் அவர் செய்த பிரபாம் விசிறிக் காரில் நிக்கி லாடா ஸ்வீடன் பந்தயத்தை வென்றார். அதோடு அந்தக் காரை விலக்கிக்கொண்டார்கள், இன்னொரு பந்தயம் ஓடவில்லை. எஃப்1இல் கடுமையாகப் பிரேக் போட்டால் பின்னால் ஒரு சிறு பலகை எழும். கனம் முன்னால் சாய்ந்து பின்சக்கரம் லேசாவதை அது சமாளிக்கும், கூடவே பின்பிரேக்குக்குக் குளிர்ந்த காற்றுப் போகும் வழியையும் திறந்துவிடும். ஒரு பலகைக்கு இரண்டு வேலை.

வேகத்துக்கு வருகிறேன், அதைச் சொல்லாவிட்டால் என் பேரன் சண்டைக்கு வருவான். 1998 மார்ச் 31. ஜெர்மனியில் ஏரா-லெசியன் சோதனைத் தடம், ஏறக்குறைய 9 கி.மீ. நேர்கோடு. ஆண்டி வாலஸ் ஓட்டியது எக்ஸ்பி5 என்ற பழைய முன்மாதிரி வண்டி. என்ஜின் சுற்று வரம்பை மட்டும் நிமிடத்துக்கு 7,500இலிருந்து 8,300க்கு உயர்த்தியிருந்தார்கள். மணிக்கு 386 கி.மீ. வேகமான கார் என்ற பெயர் 2005வரை அதற்குத்தான் இருந்தது.

2005இல் புகாட்டி வேரான் வந்து 400ஐத் தாண்டியது. உங்கள் பட்டியலில் அது முதலிடம். 8 லிட்டர், 16 சிலிண்டர், நான்கு டர்போ, 10 ரேடியேட்டர், 1,001 குதிரைத்திறன், எடை 1,888 கிலோ. அதுவும் பெரிய சாதனைதான், குறை சொல்லவில்லை. வேகம் இரட்டிப்பானால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்காகும், அந்த உச்சியில் கடைசி 20 கி.மீ.க்குக் கொடுக்கும் விலை பயங்கரமானது. ஆனால் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேரானில் ஒரு டன்னுக்கு 530 குதிரைத்திறன். அதற்கு 13 வருடம் முன்னால் அறிமுகமான எஃப்1இல் ஒரு டன்னுக்கு 551. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். யாருக்கும் சந்தோஷமில்லை.

பந்தயத்துக்காக இந்தக் காரைச் செய்யவில்லை. வாங்கியவர்கள் சிலர் நச்சரித்துத்தான் பந்தய வடிவம் வந்தது. 1995 ஜூன், பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயம். மழை கொட்டித் தீர்த்தது. லேட்டோ, டால்மாஸ், செகியா மூவரும் ஓட்டிய 59ஆம் எண் கார் முதலிடம். மூன்று, நான்கு, ஐந்தாம் இடங்களும் எஃப்1களுக்கே. பந்தய விதிப்படி காற்று போகும் வழியைச் சுருக்கியிருந்ததால் அந்தப் பந்தயக் காரின் சக்தி, ரோட்டில் ஓடும் காரைவிடக் குறைவு என்பது எனக்கு இன்றும் சிரிப்பு வரவழைக்கும் விஷயம்.

1992இல் மொனாக்கோவில் காட்டியதிலிருந்து 1998வரை மொத்தம் 106 கார்கள், அதில் சாதாரண ரோட்டுக் கார்கள் 64. ஒவ்வொன்றையும் செய்ய மூன்றரை மாதம். இவ்வளவு புதுமையான காருக்கும் ஒரு பழைய நோய் வந்தது. கோளாறு பார்க்கும் மென்பொருள் 90களின் காம்பாக் மடிக்கணினியில் மட்டும்தான் ஓடும். 20 வருடம் கழித்தும் கம்பெனிக்காரர்கள் அந்தப் பழைய மடிக்கணினிகளைத் தேடி வாங்கி வைத்திருந்தார்கள். எங்கள் பட்டறையில் ஃப்ளாப்பியில் ஓடும் சிஎன்சி, அதாவது கணினி ஓட்டும் இயந்திரம், ஒன்று இருந்தது. ஃப்ளாப்பிக்காக நான் ரயிலேறிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்வரை அலைந்திருக்கிறேன். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

கடைசியாக, நீங்கள் சொன்ன அந்த 2 கோடி டாலர். 2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்தில் விற்ற கார் அது, 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலர். அந்தத் தொகை ஏன் என்று நீங்கள் எழுதவில்லை. மீட்டரில் 400 கி.மீ.கூட ஓடியிருக்கவில்லை, அதனால்தான். கோவையிலிருந்து சென்னைக்கு ஒருமுறை போயிருந்தால்கூட அதைவிட அதிகம். கிராம் கிராமாகச் செதுக்கி ஓட்டுவதற்கென்று செய்த கார், கால் நூற்றாண்டாகப் போர்வைக்குள் இருந்திருக்கிறது. அதற்குத்தான் அத்தனை பணம்.

எனக்குப் பிடித்த உரிமையாளர் வேறு. மிஸ்டர் பீனாக நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ரோவன் அட்கின்சன். 1997இல் வாங்கினார். 41,000 மைல் ஓட்டினார், அதாவது 65,000 கி.மீ.க்கு மேல். இரண்டு முறை மோதினார். 2011இல் மோதியதைச் சரிசெய்ய இன்சூரன்ஸ்காரர்களுக்கு ஆன செலவு 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு. 2015இல் அதே காரை 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார். நான் அவராக இருந்திருந்தால் விற்றிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

மரே இப்போது சொந்தக் கம்பெனியில் டி.50 என்று ஒன்று செய்திருக்கிறார். 100 கார்கள் மட்டும். அதிலும் ஓட்டுநர் நடுவில், அதிலும் 12 சிலிண்டர், கையால் போடும் கியர், 12,100 சுற்றுவரை போகும் என்ஜின், பின்னால் 40 செ.மீ. விசிறி. எடை ஆயிரம் கிலோவுக்குள். அன்று தவறவிட்ட ஆயிரத்தை முப்பது வருடம் கழித்துப் பிடித்துவிட்டார். உங்கள் பக்கத்தில் அதற்கு இடமே கொடுக்கவில்லை. அடுத்த முறை கொடுங்கள். விலையைப் போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் எடைக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள், இரண்டு விரல் அகலம் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற டர்னர்,
கணபதி, கோவை.

பி.கு.: நீங்கள் அச்சிட்ட படம் இடவலம் மாறியிருக்கிறது. ஓட்டுநர் நடுவில் இருப்பதால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. அந்தக் காரில் கியர் கம்பி ஓட்டுநரின் வலது கைப்பக்கம். உங்கள் படத்தில் இடது பக்கம் இருக்கிறது.